தண்ணீர் எங்கே அள்ளினீர்கள்?

ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த வீட்டை நான் கெடுத்தேன். தவறுதலாக அல்ல. மேலதிகாரி மிரட்டியதாலும் அல்ல. நாலு கேள்வி கேட்டு, அவர் கையால் தந்த தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோருக்குத் திரும்பி வந்து, மூன்று வாக்கியம் எழுதிக் கெடுத்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் எனக்குச் செய்த அநியாயங்களையே எழுதி வந்திருக்கிறேன். சிட்னியின் லிட்கம் ஸ்டேஷனில் என் சப்பாத்தில் துப்பியவனைப் பற்றி எழுதிய வாரம் நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லோரும் எனக்காக இரங்கியிருந்தார்கள். ஒரு தபாலட்டையில் மட்டும் இரண்டே வரி. "ஐயா, நீங்கள் ஒருவர் மீதும் துப்பவில்லையா? இருந்தால் அதையும் எழுதலாமே." கையெழுத்து இல்லை.

எழுதுகிறேன்.

நீல விளிம்புக் கோப்பை

எழுபதுகளின் முற்பகுதி. லிட்கத்தில், ரயில் பாதையிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு வீட்டின் பின்வளவில் கார் விடுவதற்காகக் கட்டிய தகரக் கொட்டில். அதைத்தான் டொரீன் வாடகைக்கு எடுத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஹீற்றரின் மணமும், காயாத உடுப்பின் மணமும்.

கதவில் தட்டி, கந்தோர் அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டேன். அட்டை வெளியே வருமுன்பே என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கந்தோரிலை இருந்து இப்பிடி ஒரு ஆளை அனுப்புவினம் எண்டு நான் நினைக்கவே இல்லை, மிஸ்டர். வாங்கோ, உள்ளை வாங்கோ."

அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில்தான் எனக்கு அது இன்றைக்கும் கேட்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இருக்கச் சொன்னார். பெயர் கேட்கவில்லை, வந்த காரியம் கேட்கவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்தார். கொதித்ததும் நீல விளிம்புள்ள கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்தார். தான் குடித்தது பிடி உடைந்த கோப்பையில். அந்தக் கொட்டிலில் முழுக் கோப்பை அது ஒன்றுதான் என்று எழும்பும்போதுதான் கவனித்தேன்.

எங்கள் ஊரில் ஒழுங்கு வேறு. கேள்வி முந்தி, தேத்தண்ணி பிந்தி.

பெரியப்பாவின் கலை

அந்த ஒழுங்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்தால் பெரியப்பாதான் முன்னால் போவார். தமிழும் சைவமும் கரைத்துக் குடித்தவர், கோயில் திருவிழாவில் தேவாரம் பாடினால் சனம் கண்ணீர் விடும். அவர் வந்தவரைக் கதிரையில் இருத்தி, சிரித்த முகத்தோடு கதை கொடுப்பார். எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்? அம்மாவின்ரை ஆக்கள் ஆர்? இந்த மூன்றும் எல்லோரும் கேட்பவை. கேட்கப்படுபவருக்கும் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரியும், ஆகவே பொய் சொல்ல இடமுண்டு.

நாலாவது பெரியப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. "உங்கடை பக்கம் தண்ணி எப்பிடி, நல்ல தண்ணியோ, உவரோ?"

பாதி ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் நாட்டில் இதைவிட அப்பாவியான கேள்வி கிடையாது. வந்தவர் சந்தேகப்படாமல் பதில் சொல்வார். "எங்கடை கிணறு நல்ல தண்ணி ஐயா" என்றால் ஒன்று. "நாங்கள் அந்த வாத்தியார் வீட்டிலை போய் வாங்கிறனாங்கள்" என்றால் வேறொன்று. சொந்தக் கிணறு இல்லாதவர் யார், பிறர் கிணற்றுக் கயிற்றைத் தொட முடியாமல், யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு வெளியே நிற்பவர் யார் என்பது அதிலே தெரிந்துவிடும்.

பெரியப்பா குசினிப் பக்கம் திரும்பிச் செருமுவார். அது சைகை. இரண்டு தரம் செருமினால் வெண்கலச் செம்பு வரும். ஒரு தரம் என்றால் வீட்டுக் கோடியில் அவர்களுக்கென்று தொங்கும் தகரப் பேணி வரும்.

இதைப் பண்பாடு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் பல்கலைக்கழகம் போய்ப் புவியியலில் பட்டம் எடுத்து, மனித குலம் ஒன்றே என்று மாணவர் மன்றத்தில் பேசிக் கைதட்டும் வாங்கி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் செருமலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

எங்களைச் சலித்த சல்லடை

நான் அவுஸ்திரேலியாவுக்கு வந்தது வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை சாகக் கிடந்த காலத்தில். செத்துவிட்டதென்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. படித்தவன், ஆங்கிலம் பேசுபவன், ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருப்பான் என்று பார்த்து ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

கொழும்பில் என்னோடு வேலை செய்த, ஐரோப்பியக் கலப்பு வழிவந்த பறங்கிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு விண்ணப்பித்தார். ஒரே தாய், ஒரே தகப்பன். அண்ணனுக்கு அனுமதி கிடைத்தது, தங்கைக்கு இல்லை. தங்கை தாயின் நிறம். அண்ணன் கப்பலேறி வந்துவிட்டார். ஒவ்வொரு நத்தாருக்கும் தங்கைக்கு வெண்பனி படிந்த வீடு போட்ட வாழ்த்து மட்டை அனுப்புவார். கொதிக்கும் டிசம்பரில் சிட்னியில் அந்த மட்டைகளைத்தான் விற்பார்கள்.

எனக்கும் என் மனைவி மனோவுக்கும் வீடு தேடிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன். ரெலிபோனில் என் ஆங்கிலத்தைக் கேட்டு "வாருங்கள் சேர்" என்பார்கள். நேரில் கண்டதும் வீடு அந்த நிமிடமே வாடகைக்குப் போய்விடும். ஏழு வீடுகள் அப்படிப் போயின. எட்டாவதில் குடியேறியபோது மனோ சொன்னாள்: "உவங்களுக்குக் கேள்வி கேக்கக்கூடத் தெரியாது. தோலைப் பாத்தவுடனை கதவைச் சாத்திறாங்கள். எங்கடை ஆக்கள் எண்டால் கதிரை போட்டு இருத்திப்போட்டெல்லோ சாத்துவினம்."

நான் சிரித்தேன். மனோ சிரிக்கவில்லை.

இந்த ஏழு கதவுகளையும் கண்டவன்தான் நான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறியாமை என்று எனக்கு விலக்கு இல்லை.

ஒரு தெரு, ஒரு குடும்பம்

எனக்கு வேலை கிடைத்தது அரசாங்கம் குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் ஒரு கந்தோரில். கந்தோரின் பெயர் வேண்டாம். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பகுதி. மனேஜர் கிளிஃப் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நாய் வளர்த்தார், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனார்.

பூர்வகுடி மக்களைப் பல தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கிடங்களில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை மனேஜர். அவர் அனுமதியில்லாமல் விருந்தாளி வர முடியாது. அந்த மனேஜர்களை எடுத்துவிட்டு, இனி எல்லோரும் நகரத்தில் மற்றவர்களைப் போல வாழலாம் என்று அறிவித்தார்கள். அறிவித்த வாயாலேயே எங்கள் கந்தோரில் ஒரு விதி உலவியது. ஒரு தெருவுக்கு ஒரு பூர்வகுடிக் குடும்பம், இரண்டாவது கூடாது. அக்கா ஒரு தெரு, தங்கை நாலு மைல் தள்ளி, தாய் வேறு பட்டணம். சோற்றில் உப்புப் போலத் தூவினால் கரைந்து போவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றாக இருந்தபோது வேலி போட்டு அடைத்தவர்கள், வேலியை எடுத்ததும் ஒன்றாக இருக்கக் கூடாதென்றார்கள்.

இந்த விதி எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. புதிதாக வருபவருக்குத் தேநீர் இடைவேளையில் சொல்லித் தருவார்கள்.

பிளாக்டவுன் என்ற பெயருக்கே கறுப்பர் நகரம் என்றுதான் பொருள். வைத்தவர்களும் வெள்ளையர்கள்தான். அந்த நகரத்துக்கு மேற்கே புதிதாகக் கட்டிய ஒரு தெருவில் இரண்டாவது கறுப்புக் குடும்பம் வந்துவிடக் கூடாதென்று காவல் இருந்ததும் அவர்கள்தான்.

அந்தத் தெருவில் ஐவி என்ற பூர்வகுடிப் பெண் ஏற்கெனவே இருந்தார். நீரிழிவால் ஒரு கால் எடுக்கப்பட்டவர், தனியாள். டொரீன் அதே தெருவில் காலியாக இருந்த ஒரு வீட்டைக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். காரணம்: சுகமில்லாத சிநேகிதிக்கு உதவ. பூர்வீகம்: இலங்கை.

கிளிஃப் அந்த விண்ணப்பக் கோவையை என் மேசையில் போட்டார்.

"சிலோனாம். சிலோன் எண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்ற வகை எண்டால் அந்தத் தெரு நிரம்பிப்போச்சு. நீ அந்த நாட்டான்தானே, போய்ப் பார். உங்கடை ஆளோ?"

நாலாவது கேள்வி

நீல விளிம்புக் கோப்பைக்குத் திரும்புகிறேன்.

கதை கொடுத்தேன், சிரித்த முகத்தோடு. பாட்டன் எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? ஊர்ப் பெயரே டொரீனுக்குத் தெரியாது. "பொப்" என்றுதான் பாட்டனைச் சொன்னார். வாலிபத்தில் கரும்பு வெட்ட வடக்கே வந்து இறங்கி, பிறகு வண்டியில் துணியும் ஊசியும் விற்றுக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணோடு தங்கிவிட்டவர்.

"சோத்தைக் கையாலைதான் சாப்பிடுவார். விரல் நுனி மட்டும்தான் நனையும், உள்ளங்கையிலை ஒண்டும் படாது. உங்கடை கையைப் பாத்தவுடனை எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தவர். அதே கை."

என் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் உடம்பு செய்த அந்தச் சின்ன அசைவுதான் எனக்கு அதிகம் கூசுகிறது. பட்டதாரி, உத்தியோகத்தன், நல்ல குடும்பம். துணி மூட்டை சுமந்த ஒருவனின் கையும் என் கையும் ஒன்றாம், அதைச் சொல்பவர் தகரக் கொட்டிலில் இருக்கும் ஒரு கறுப்புப் பெண்ணாம். கந்தோரில் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள்?

அம்மாவின் ஆட்கள் யார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஆத்தங்கரைப் பக்கத்து ஆக்கள்" என்றார். அதுவரை சரியாகவே தப்பித்து வந்தார்.

"ஆத்தங்கரை எண்டால் தண்ணி நல்ல தண்ணியாய் இருக்குமே? எங்கை அள்ளினனீங்கள்?"

"ஆறு எங்களுக்குத் தூரம், மிஸ்டர். மனேஜர் வீட்டு வேலியோடை ஒரு குழாய் இருந்தது, எல்லாருக்கும் அது ஒண்டுதான். வாளியோடை வரிசையிலை நிப்பம். அவற்றை பெண்சாதி பூக்கண்டுகளுக்கு விட்டு முடிச்சாப் பிறகுதான் எங்களுக்குத் திறப்பினம். ஐவி பெரியவள், ரெண்டு வாளி தூக்குவாள். நான்..."

நிறுத்திவிட்டார். முகத்தில் பயமில்லை. சொந்த மனிதரிடம் வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான் என்ற ஒரு வெட்கம்.

"ஓம், ஐவி என்ரை அக்கா. எழுதிப்போடாதைங்கோ என்ன? அவளுக்கு ஒரு கால் இல்லை. காயத்தைக் கழுவிக் கட்ட ஆள் வேணும். மற்றக் காலும் போயிடும் எண்டு டொக்டர் சொல்றார். பொப் பொய்யில்லை, அவர் உண்மையாய் உங்கடை நாடுதான்."

"தெரியும்" என்றேன். தேநீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, எழும்பினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மூன்று வாக்கியம்

"விண்ணப்பதாரி இலங்கைச் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லர். பூர்வகுடிகளுக்கான ஒதுக்கிடம் ஒன்றில் வளர்ந்தவர். குறிப்பிட்ட தெருவில் வசிக்கும் ஐவி இவரது உடன்பிறந்த சகோதரி."

கிளிஃப் கேட்டது முதலாவதை மட்டும். இரண்டாவது திறமையைக் காட்ட. மூன்றாவது முழுக்க முழுக்க என் சொந்த உழைப்பு. அதை எழுதும்போது பேனா தயங்கியதென்று எழுதினால் இந்த இடத்தில் அழகாக இருக்கும். தயங்கவில்லை.

"உனக்கு நல்ல மூக்கு" என்று கிளிஃப் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலுக்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். பிறகு இன்னும் இரண்டு வீடுகளுக்கு என்னை அனுப்பினார்கள். அவர்களின் முகம் எனக்கு ஞாபகமில்லை. பெயரும் இல்லை.

டொரீனுக்கு எங்கோ தெற்கே, ஐவி வீட்டிலிருந்து ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் தூரத்தில், ஒரு வீடு கொடுக்க முன்வந்தார்கள்.

தேத்தண்ணி குடிக்காத சிவம்

சில மாதங்களுக்குப் பிறகு ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு டொக்டர் வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. அந்தக் காலத்தில் சிட்னித் தமிழர் முழுப்பேரும் ஒரு வரவேற்பறைக்குள் அடங்குவோம். சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்தது. எனக்குப் பேச்சில் உற்சாகம் வந்துவிட்டது. பெரியப்பாவின் கேள்வி சிட்னியில் பலித்த கதையை நடித்தே காட்டினேன், செருமல் உட்பட. டொக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உதுக்குத்தான் காணும் எங்கடை மூளை வேணும் எண்டுறது! வெள்ளைக்காரன் நூறு படிவம் அடிச்சும் கண்டுபிடிக்காததை ஒரு வாளித் தண்ணியிலை பிடிச்சிட்டீர்."

சிவம் மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவர், என்னைவிடப் பத்து வயது இளமை. யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்க மாட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். நாங்களும் அதை வைத்துப் பகிடி பண்ணுவோம்.

"அண்ணை," என்றார் மெதுவாக, "நான் வந்த புதுசிலை என்னட்டையும் உந்த நாலு கேள்வியும் கேட்டனீங்கள்."

"சும்மா கதைக்குக் கேட்டிருப்பன், சிவம்."

"ஓம், ஓம். சும்மாதான் கேட்டனீங்கள். நானும் சும்மாதான் சொன்னனான், எங்கடை வளவுக் கிணறு, நல்ல தண்ணி எண்டு. எங்களுக்கு வளவும் இல்லை, கிணறும் இல்லை, அண்ணை. பின்னேரம் முழுக்க அம்மா குடத்தோடை நிப்பா, ஆரும் வந்து ஊத்தும் வரைக்கும்."

டொக்டர் தலையைக் குனிந்து தன் கோப்பையைக் கலக்கினார்.

"எனக்கு உது கேள்வி எண்டு தெரியும். ஏழு வயசிலேயே அப்பா பதிலைச் சொல்லித் தந்திட்டார். பாவம் அந்த மனிசி, அவவுக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லை."

எழும்பி, டொக்டரின் மனைவியிடம் "போட்டு வாறன் அக்கா" என்று முறையாகச் சொல்லிக்கொண்டு போனார். மேசையில் அவருக்கு வைத்த கோப்பை நிறைந்தபடி இருந்தது.

டொக்டர் மெல்லிய குரலில், "ஆள் அந்தப் பக்கம் எண்டு நான் எப்பவோ யோசிச்சனான்" என்றார். எங்கள் ஆட்களின் வெட்கம் அவ்வளவு நேரம்தான் நின்றுபிடித்தது.

வீட்டுக்கு ரயிலில் போனோம். லிட்கத்தில் இறங்கியதும் மனோ கேட்டாள்: "அந்த மனிசி தந்த தேத்தண்ணியைக் குடிச்சனீங்களோ?"

"குடிச்சன்."

"முழுக்கவோ?"

கடுதாசிக் கழுவாய்

திங்கட்கிழமையே ஒரு குறிப்பு எழுதினேன். என் முந்திய அறிக்கை தவறானது, விண்ணப்பதாரியின் பாட்டனார் இலங்கையரே, அவரை என் சமூகத்தவராகவே கருதுகிறேன் என்று. கிளிஃப் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன நடந்தது, கலியாணம் ஏதும் பேசிறியோ? அந்த வீடு எப்பவோ குடுத்தாச்சு. அதோடை உன்ரை ஆள் எங்களுக்கு வேறை வேலையும் வைச்சிட்டா."

தெற்கே கொடுத்த வீட்டை டொரீன் ஏற்கவில்லை. பிள்ளைகளோடு அக்கா வீட்டில் வந்து இருந்துவிட்டார். இருவரும் சகோதரிகள் என்று கோவையில் இருந்ததால் கந்தோர் உடனே மோப்பம் பிடித்தது. பரிசோதகர் போனார். அந்தப் பரிசோதகர்கள் பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பவர்கள், கட்டிலுக்குக் கீழே குனிபவர்கள். அனுமதியில்லாத ஆட்களை வைத்திருந்ததாக, ஒரு கால் இல்லாத ஐவிக்கு வீட்டைவிட்டு எழும்பும்படி அறிவித்தல் போயிருந்தது.

அதாவது என் மூன்றாவது வாக்கியம் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

மனோவிடம் சொன்னேன். குறிப்பு எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, குடிச்சது வாயாலை. கழுவிறது கடுதாசியாலையோ? போய் அந்த மனிசியின்ரை முகத்தைப் பாருங்கோ."

அன்று இரண்டு பக்கத்தில் சத்தியக் கூற்று ஒன்றைத் தட்டெழுத்தில் அடித்தேன். தெருவுக்கு ஒரு குடும்பம் என்ற விதி இருப்பதாக, அதை எனக்கு யார் வாயால் சொன்னார்கள் என்று, அதன்படி நான் என்ன செய்தேன் என்று. என் அறிக்கையின் பிரதியையும் கோவையிலிருந்து எடுத்தேன். கந்தோர்க் காகிதத்தை வெளியே கொண்டுபோவது குற்றம். அதுவரை நான் கந்தோர்ப் பென்சில்கூடக் கொண்டுபோனவன் அல்ல, என் நேர்மை அந்த வகை நேர்மை.

கேத்தில்

பிளாக்டவுனில் இறங்கி பஸ் எடுத்தேன். சனிக்கிழமை காலை. அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் இருந்தன, மரம் ஒன்றும் இன்னும் வளரவில்லை. கதவைத் திறந்தது டொரீன்.

"ஓ," என்று உள்ளே திரும்பிச் சொன்னார், "ஐவி, தண்ணிக்காரன் வந்திருக்கிறார்."

சக்கர நாற்காலி குசினி வாசலுக்கு வந்தது. ஐவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரோ? நான் இன்னும் கொஞ்சம் உயரமாய் நினைச்சிருந்தன்."

குசினிக்குள் விட்டார்கள். இருக்கச் சொல்லவில்லை. கேத்தில் அடுப்பில் இருந்தது, தண்ணீர் முனகத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் நீல விளிம்புக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது.

நான் செய்ததைச் சொன்னேன். ஐவி என் அறிக்கையை வாசிக்கச் சொன்னார். மூன்று வாக்கியத்தையும் உரக்க வாசித்தேன். "திரும்ப" என்றார். அவருக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். திரும்பவும் வாசித்தேன். காது நன்றாகத்தான் கேட்டது.

"சரி," என்றார் டொரீன். "இப்ப நான் கேக்கிறன். நீர் எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஊரிலை எந்தப் பக்கம்?"

"கோயிலடி. நல்ல பக்கம் எண்டு சொல்லுவினம்."

"அம்மாவின்ரை ஆக்கள்?"

"காணி வைச்சிருந்த ஆக்கள்."

"தண்ணி எங்கை அள்ளினனீர்?"

"எங்கடை சொந்தக் கிணறு."

"நல்ல தண்ணியோ?"

"ஓம். நல்ல தண்ணி."

"அதிலை வேறை ஆர் அள்ளினது?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பெரியப்பாவின் பட்டியலில் அது கிடையாது.

"அள்ள விடமாட்டம். குடத்தோடை வெளியிலை நிப்பினம். நாங்கள் சாப்பிட்டு, படுத்து எழும்பி, நினைச்ச நேரம் போய் ஊத்துவம்."

சிவத்தின் தாய் எங்கள் கிணற்றடியில் நின்றவர் அல்ல. ஆனால் நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களின் குடங்கள் எனக்கு ஞாபகம், முகங்கள் இல்லை.

டொரீன் அக்காவைப் பார்த்தார். ஐவி சொன்னார்: "மனேஜரின்ரை பெண்சாதியாவது பூக்கண்டுக்கு விட்டவள்."

கேத்தில் கூவியது. டொரீன் போய் அடுப்பை அணைத்தார். கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்தவில்லை.

"பேப்பரை மேசையிலை வைச்சிட்டுப் போம்," என்றார்.

அறிக்கையின் பிரதியையும் சத்தியக் கூற்றையும் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு

அந்தக் காகிதங்களை நகரத்தில் இலவசமாக வழக்குப் பேசும் ஒரு சட்டத்தரணியிடம் சகோதரிகள் கொண்டுபோனார்கள். வழக்கு நடக்கவே இல்லை. விசாரணையில் அந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதைக் கந்தோர் விரும்பவில்லை. ஐவிக்குக் கொடுத்த அறிவித்தலை மீளப் பெற்றார்கள், டொரீனையும் பிள்ளைகளையும் ஐவியைப் பராமரிப்பவர்களாக அங்கே இருக்க விட்டார்கள். விதி இருந்ததென்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எழுதப்படாத ஒன்றை எப்படி ஒப்புக்கொள்வது என்பது அவர்கள் நியாயம்.

என்னை நிலவறையில் படிவக் கட்டுகளை அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்தில் விட்டு விலகிப் பள்ளிக்கூட ஆசிரியரானேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், சம்பளம் அதில்தான் கூடுதல். சிவம் என்னைக் கண்டால் "சுகமோ அண்ணை" என்பார். எங்கள் வீட்டுக்கும் இரண்டு தரம் வந்தார். மனோ தேத்தண்ணி வைத்தாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்.

ஐவியின் மற்றக் கால் போகவில்லை. தங்கை கழுவிக் கட்டியதால்தான் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்தில் ஐவி இறந்தபோது வீடு அவர் பெயரில் இருந்தது. பராமரிக்கப்பட வேண்டியவரே இல்லாததால் பராமரிப்பவருக்கும் அங்கே இடமில்லை என்று டொரீனை எழும்பச் சொன்னார்கள். டொரீனின் சொந்தப் பெயரில் ஒரு வீடு இருந்திருக்க வேண்டும், அதே தெருவில். இல்லாமல் செய்தவன் நான். என் சத்தியக் கூற்று திருப்பிக் கொடுத்தது மூன்று வருடத்துக்கு ஒரு கட்டிலை மட்டும். இந்தச் செய்தியே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தேடிப் போனேன், அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

அன்று சனிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது நா வறண்டிருந்தது. ஊரில் எத்தனையோ வீட்டுக் கதிரைகளில் இருந்து அந்த நாலு கேள்விக்கும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். சொன்ன மறுநிமிடம் செம்பு வரும். அன்றுதான் முதல் தடவையாக, வேறை ஆர் அள்ளினது என்ற ஐந்தாவதுக்கும் பதில் சொன்னேன், முழு உண்மையாக. தேத்தண்ணி வரவில்லை.